ஏக்கம் உடலின் காவலைத் தளர்த்துமா?

தொற்றுநோய்க்குக் காரணம் கிருமி. கிருமி உள்ளே புகாமல் எந்தக் கவலையும் ஒருவருக்குச் செங்கமாரியையோ கொப்பளிப்பானையோ கொண்டுவந்துவிடாது. ஆனால் ஒரே கிணற்றுத் தண்ணீரைக் குடித்த ஒரே வீட்டார் ஐந்து பேரில் இரண்டு பேர் படுக்கையில் விழ, மற்ற மூவர் ஒன்றுமில்லாமல் நடமாடுவதும் உண்டு. உள்ளே போன கிருமியின் அளவு, வயது, முன்பு கண்ட நோய், போட்டுக்கொண்ட தடுப்பூசி, உணவு, பரம்பரை என்று பல காரணங்கள் சேர்ந்துதான் யார் விழுவார், யார் தப்புவார் என்பதைத் தீர்மானிக்கின்றன. அந்த வரிசையில் மனநிலைக்கும் ஓர் இடம் உண்டு என்பதைக் கடந்த ஐம்பது ஆண்டுகால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முதலிடம் அல்ல, ஆனாலும் தள்ளிவிடக்கூடிய இடமும் அல்ல. "யோசிச்சு யோசிச்சே மனுசி வருத்தக்காரியாப் போட்டா" என்று வன்னியில் சொல்வார்கள். அந்தப் பேச்சில் உள்ள உண்மை எவ்வளவு என்பதை இன்று ஓரளவு அளந்தே சொல்ல முடியும்.

அந்தப் பேச்சுக்குப் பின்னால் இருக்கும் வாழ்க்கைக்கு வெள்ளாங்குளம் ஓர் உதாரணம். அந்த ஊர் மன்னார் மாவட்டத்தின் வட எல்லையில், மாந்தை மேற்குப் பிரதேசத்தில், மன்னாரையும் பூநகரியையும் இணைக்கும் ஏ-32 வீதியில் இருக்கிறது. மேற்கே கடல், கிழக்கே வயலும் காடும். பக்கத்துக் கரையோரக் கிராமம் தேவன்பிட்டி. 2008 ஏப்ரலில் போர் மடுத் திருப்பதியை நெருங்கியபோது, மடு மாதாவின் சொரூபத்தை எடுத்துவந்து வைத்தது அந்தத் தேவன்பிட்டித் தேவாலயத்தில்தான். நான்கு மாதத்துக்குள், ஆகஸ்டில், வெள்ளாங்குளமும் இராணுவத்தின் கையில் விழுந்தது. சனம் அதற்கு முன்பே வீடு வாசலை விட்டு வடக்கே நகர்ந்திருந்தது. பிறகு கிழக்கே, முல்லைத்தீவுப் பக்கம். ஒரு தரப்பாளைப் பிரித்து இன்னோர் இடத்தில் கட்டி, அங்கிருந்தும் கிளம்பி, கடைசியில் 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்த பயணம் அது. தப்பியவர்களில் பெரும்பாலோர் செட்டிக்குளம் மெனிக் பாம் முகாமில் அடைக்கப்பட்டார்கள். இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் அங்கே இருந்தனர். முகாம் முற்றாக மூடப்பட்டது 2012 செப்டெம்பரில்.

அந்த முகாமில் கொப்பளிப்பான் பரவியது. செங்கமாரியைத் தரும் ஈரலழற்சி ஏ பரவியது. வயிற்றோட்டமும் பரவியது. இவற்றுக்கு முதற் காரணம் தேட ஆழமாகப் போக வேண்டியதில்லை: நெருக்கம், போதாத தண்ணீர், போதாத மலசலகூடம், மெலிந்த உடம்பு. ஆனால் அதே உடம்புகள் மாதக்கணக்கில் நித்திரை இல்லாதவை. பிள்ளையையோ கணவனையோ இழந்தவை. அடுத்த நாள் என்ன நடக்கும் என்று தெரியாதவை. இந்த இரண்டாவது சுமை முதலாவதோடு சேரும்போது உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் பொருள்.

உடலின் எதிர்ப்பு ஏற்பாட்டை இலங்கைப் பாடநூல்கள் நிர்ப்பீடனம் என்கின்றன. என்பு மச்சையில் பிறக்கும் வெண்குருதிக் கலங்கள், அவற்றுள் ரீ-கலங்கள் எனப்படுபவை முதிரும் தைமசுச் சுரப்பி, வெண்குருதிக் கலங்கள் கூடும் மண்ணீரலும் நிணநீர்க் கணுக்களும், அவை சுரக்கும் பிறபொருளெதிரிகள் எல்லாம் சேர்ந்த ஏற்பாடு அது. மூளைக்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்றுதான் நெடுங்காலம் நம்பப்பட்டது. கிருமியைக் கண்டால் தானாக இயங்கும், கிருமி போனால் தானாக அடங்கும் என்று மருத்துவ மாணவர்களுக்குக் கற்பித்தார்கள்.

அந்த நம்பிக்கையில் முதல் கீறல் 1936இல் விழுந்தது. ஹான்ஸ் செலியே என்ற மருத்துவர் எலிகளைக் குளிர், காயம், மிதமிஞ்சிய ஓட்டம் எனப் பலவகை நெருக்கீட்டுக்கு உள்ளாக்கினார். துன்பம் எதுவாக இருந்தாலும் எலியின் உடலில் தெரிந்த அடையாளம் ஒன்றாகவே இருந்தது: அதிரீனல் சுரப்பி வீங்கியது, இரைப்பையில் புண் வந்தது, தைமசு சுருங்கியது. நிர்ப்பீடனத்தின் பள்ளிக்கூடம் போன்ற தைமசு ஏன் சுருங்க வேண்டும் என்ற கேள்விக்கு அப்போது முழு விடை கிடைக்கவில்லை.

அடுத்த திருப்பம் தற்செயலாக வந்தது. அமெரிக்காவின் றொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் றொபட் ஏடர், எலிகளுக்குச் சக்கரின் கலந்த இனிப்புத் தண்ணீரைக் கொடுத்து, உடனே வயிற்றைக் குமட்டும் ஒரு மருந்தை ஏற்றினார். எலிகள் இனிப்பையும் குமட்டலையும் முடிச்சுப் போட்டுக்கொண்டு, பிறகு இனிப்புத் தண்ணீரை வெறுத்தன. அவர் எதிர்பார்த்தது அவ்வளவுதான். ஆனால் மருந்தை நிறுத்தி வெறும் இனிப்புத் தண்ணீரை மட்டும் கொடுத்த காலத்தில் எலிகள் சாகத் தொடங்கின. அந்த மருந்து சைக்கிளோபொஸ்பமைட்டு. குமட்டலைத் தருவதோடு வெண்குருதிக் கலங்களையும் ஒடுக்கக்கூடியது. எலியின் மூளை இனிப்பை மட்டுமா நினைவில் வைத்தது, நிர்ப்பீடன ஒடுக்கத்தையும் சேர்த்தா என்ற சந்தேகம் ஏடருக்கு எழுந்தது. நிர்ப்பீடனவியலாளர் நிக்கலஸ் கோஹனுடன் சேர்ந்து சோதித்து, 1975இல் முடிவை வெளியிட்டார். இனிப்பு மட்டும் கிடைத்த எலிகளிலும் பிறபொருளெதிரி குறைவாகவே உருவாகியிருந்தது. ஒரு சுவை, அதுவும் ஒரு நினைவு, வெண்குருதிக் கலங்களுக்குக் கட்டளை போட்டிருக்கிறது. மருத்துவ உலகம் இதை எளிதில் ஏற்கவில்லை. ஏற்க வைத்தவை பின்னர் கண்டுபிடித்த நரம்புகள்: அதே பல்கலைக்கழகத்தின் டேவிட் ஃபெல்டன் 1980களில் மண்ணீரலுக்கும் நிணநீர்க் கணுக்களுக்கும் உள்ளே பரிவு நரம்பு இழைகள் சென்று, வெண்குருதிக் கலங்களை ஒட்டியே முடிவதை நுணுக்குக்காட்டியில் காட்டினார்.

ஆக, மனத்தின் செய்தி உடலின் காவலுக்குப் போக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று நரம்பு வழி. பயம் பிடித்ததும் பரிவு நரம்புகளும் அதிரீனலினும் நொடிக்குள் வேலை செய்கின்றன. மற்றது ஓமோன் வழி. மூளையின் பரிவகக்கீழும் கபச்சுரப்பியும் அதிரீனல் சுரப்பியைத் தூண்ட, கோட்டிசோல் என்ற ஓமோன் குருதியில் கலக்கிறது. வெண்குருதிக் கலங்களின் மேலும் உள்ளும் இந்த இரண்டு செய்திகளையும் வாங்கும் வாங்கிகள் இருக்கின்றன. கோட்டிசோலைப் போன்ற மருந்துகளைத்தான் வைத்தியர்கள் மூட்டுவாதத்துக்கும் ஆஸ்மாவுக்கும் அழற்சியை அடக்கக் கொடுக்கிறார்கள் என்பதை நினைத்தால், உடல் தானே சுரக்கும் கோட்டிசோல் என்ன செய்யும் என்பது விளங்கும்.

வழி இருக்கிறது என்பது வேறு, அந்த வழியாக உண்மையில் நோய் வருகிறது என்பது வேறு. கவலை கூடியவர்களுக்குத் தடிமன் அடிக்கடி வருகிறது என்று கணக்கெடுத்தால் மட்டும் போதாது. அவர்கள் நெரிசலான வீட்டில் இருந்திருக்கலாம், கிருமி அவர்களை அடிக்கடி அடைந்திருக்கலாம். இந்தச் சிக்கலை அவிழ்க்க ஒரே வழி, எல்லோருக்கும் ஒரே அளவு கிருமியைக் கொடுத்துப் பார்ப்பது. இங்கிலாந்தின் சோல்ஸ்பரி நகரில் அதற்கென்றே தடிமன் ஆய்வு நிலையம் ஒன்று இருந்தது. அமெரிக்க உளவியலாளர் ஷெல்டன் கோஹனும் அந்த நிலையத்தாரும் 394 சுகதேகிகளுக்கு மூக்கில் துளிகளாகச் சுவாச வைரசு ஒன்றை விட்டார்கள். இன்னும் 26 பேருக்கு வெறும் உப்பு நீர். அதற்கு முன்பே ஒவ்வொருவரிடமும் கடந்த ஓராண்டில் நடந்த துயரங்களையும், வாழ்க்கை கைமீறிப் போவதாக உணர்கிறாரா என்பதையும் கேட்டு எழுதி, ஒரு நெருக்கீட்டு மதிப்பெண் போட்டிருந்தார்கள். பிறகு ஒரு கிழமை தனிமைப்படுத்தி, தும்மலையும் காய்ச்சலையும் மட்டுமல்ல, ஒவ்வொருவரும் பாவித்த காகிதக் கைக்குட்டைகளைக்கூட எண்ணினார்கள்.

முடிவு 1991இல் வெளிவந்தது. நெருக்கீடு மிகக் குறைந்தவர்களில் 27 வீதத்தினருக்குத் தடிமன் பிடித்தது. மிகக் கூடியவர்களில் 47 வீதத்தினருக்கு. மதிப்பெண் ஏற ஏறத் தடிமனும் படிப்படியாக ஏறியது. வயது, எடை, புகைத்தல், நித்திரை, உடலில் முன்பே இருந்த பிறபொருளெதிரி எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தாலும் அந்தப் படி மறையவில்லை. இதே எண்களை மறுபக்கமாகவும் வாசிக்க வேண்டும்: கடும் நெருக்கீட்டில் இருந்தவர்களில் பாதிக்கு மேல் வைரசை மூக்கில் வாங்கியும் தடிமன் பிடிக்காமல் இருந்தார்கள். கோஹனின் அடுத்த ஆய்வொன்று, 1998இல், எந்த நெருக்கீடு ஆபத்தானது என்பதையும் பிரித்துக் காட்டியது. சில நாள் பதற்றம் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. வேலையின்மை, குடும்பத்துக்குள் ஓயாத பிணக்கு என்று ஒரு மாதத்துக்கு மேல் நீண்டவைதான் தடிமனைக் கூட்டின.

இந்த வேறுபாடு முக்கியமானது. 2004இல் செகெர்ஸ்ட்ரொம், மில்லர் என்ற இருவர் ஏறத்தாழ 300 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோதும் இதே வடிவம்தான் தெரிந்தது. மேடையில் பேச ஏறுவது போன்ற சில நிமிட நெருக்கீடு, கொல்லிக் கலங்கள் என்ற வெண்குருதிக் கலங்களைக் குருதிக்குள் இறக்கி எதிர்ப்பைக் கூர்மையாக்குகிறது. பாம்பைக் கண்டு ஓடும்போது காலில் முள் கிழிக்கும் என்று உடலுக்குத் தெரியும் போலும். கிழியும் முன்பே காவலை எழுப்பிவிடுகிறது. மாதக்கணக்கில் நீளும் நெருக்கீட்டில் எதிர்ப்பின் அநேகமாக எல்லாக் கிளைகளும் தளர்கின்றன.

நீண்ட நெருக்கீட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. கோட்டிசோல் விடாமல் தட்டிக்கொண்டே இருந்தால், வெண்குருதிக் கலங்கள் அதற்குச் செவிகொடுப்பதைக் குறைத்துக்கொள்கின்றன. அதன்பின் அழற்சியை அடக்கும் கை தளர்ந்துவிடுகிறது. தடிமனில் மூக்கு ஒழுகுவதும் தொண்டை நோவதும் வைரசால் நேரடியாக வருவதைவிட அழற்சியால் வருவதே அதிகம் என்பதால், 2012இல் கோஹன் குழு கண்டதுபோல, கோட்டிசோலுக்குச் செவிகொடுக்காத கலங்களை உடையவர்களுக்கே தடிமன் எளிதில் பிடிக்கிறது. மனவடு நோய்க்கு ஆளானவர்களில் கோட்டிசோல் சில வேளைகளில் வழமையைவிடக் குறைந்தும், குருதியில் அழற்சியின் அடையாளங்கள் கூடியும் காணப்படுவதற்கும் இத்தகைய குழப்பமே பின்னணி என்று கருதப்படுகிறது. ஆக, நெருக்கீடு எதிர்ப்பை வெறுமனே குறைக்கிறது என்பது அரைகுறை உண்மை. தேவையான இடத்தில் மந்தமாகவும் தேவையற்ற இடத்தில் மூர்க்கமாகவும் அதைத் தாறுமாறாக்குகிறது என்பதே சரி.

காயம் ஆறுவதில் இது கண்ணுக்கே தெரியும். ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜனிஸ் கீகோல்ட்-கிளேசர், மறதிநோயில் விழுந்த உறவினரை ஆண்டுக்கணக்கில் வீட்டில் வைத்துப் பராமரிக்கும் 13 பெண்களையும், அப்படிச் சுமை இல்லாத 13 பெண்களையும் தெரிந்தெடுத்தார். ஒவ்வொருவரின் முன்கையிலும் மூன்றரை மில்லிமீற்றர் அகலத்தில் ஒரு சிறு வட்டத் தோல் எடுக்கப்பட்டது. காயம் ஆறியதா என்று பார்க்க அதன்மேல் ஐதரசன் பேரொட்சைட்டு விட்டார்கள். நுரை எழும்பாத நாளில் ஆறிவிட்டது என்று கணக்கு. சுமை இல்லாதவர்களுக்கு 39 நாள் எடுத்தது, பராமரிப்பவர்களுக்கு ஏறத்தாழ 49 நாள். பிறகு பல்மருத்துவ மாணவர் 11 பேரின் மேலண்ணத்தில் விடுமுறையில் ஒருமுறை, பரீட்சைக்கு மூன்று நாள் முன் ஒருமுறை இதேபோல் சிறு காயம் செய்து பார்த்தார்கள். பரீட்சைக் காலக் காயம் ஆற 40 வீதம் கூடுதல் நாள் பிடித்தது. ஆறாத காயம் கிருமிக்குத் திறந்த வாசல். வயலிலும் கடலிலும் நிற்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

தடுப்பூசியிலும் அதே கதை. 1996இல் அதே குழு, மறதிநோயுள்ள துணையைப் பராமரிக்கும் 32 முதியவர்களுக்கும், மற்ற 32 பேருக்கும் இன்புளுவென்சாத் தடுப்பூசி போட்டது. பிறபொருளெதிரி நான்கு மடங்கு ஏறியது முதற் குழுவில் 38 வீதத்தினருக்கு, இரண்டாவதில் 66 வீதத்தினருக்கு. துக்கத்தைப் பற்றிய ஆய்வு இதைவிடப் பழையது. 1977இல் சிட்னியில் பார்ட்ரொப் என்பவரும் தோழர்களும், துணையைப் பறிகொடுத்த 26 பேரின் குருதியைச் சோதித்தார்கள். மரணத்தின் சில கிழமைகளுக்குப் பின், அவர்களின் வெண்குருதிக் கலங்கள் தூண்டலுக்கு மந்தமாகவே பெருகின. அது செத்த வீட்டுத் துக்கம். உடல் கண்ணால் கண்டது, அடக்கம் செய்தது, காலப்போக்கில் ஆறக்கூடியது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய வீதியோரப் போராட்டத்தில் அமர்ந்திருந்த தாய்மாருக்கு அந்த ஆறுதலும் கிடைக்கவில்லை. முடிவில்லாத காத்திருப்பு என்பது ஆய்வுகூடம் சொல்லும் நீண்ட நெருக்கீட்டின் மிகக் கொடிய வடிவம்.

போருக்குப் பிந்திய வடக்கில் இந்தச் சுமையின் அளவு என்ன என்பதை 2009இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் நடந்த ஓர் ஆய்வு எண்ணித் தந்திருக்கிறது. 1,517 வீடுகளைத் தெரிந்தெடுத்து நடத்திய அதன் முடிவு 2011இல் வெளியானது: மனவடு நோய் 7 வீதம், மனச்சோர்வு 22.2 வீதம், பதகளிப்பு 32.6 வீதம். அப்போதும் இடம்பெயர்ந்தே இருந்தவர்களில் இவை முறையே 13, 41.8, 48.5. இடம்பெயர்வு எவ்வளவு கனத்த சுமை என்பது இந்த இடைவெளியில் தெரிகிறது. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் பல ஆண்டுகளாக எழுதிவருவது இன்னும் ஒரு படி மேலே போகிறது: உடைந்தது தனி மனிதரின் மனம் மட்டுமல்ல, குடும்பமும் ஊரும் சேர்ந்த சமூகமே என்கிறார் அவர்.

அத்தகைய மனவடு உயிராபத்தான தொற்றுவரை கொண்டுபோகுமா? சுவீடனின் தேசியப் பதிவேடுகளை வைத்து 2019இல் வெளியான ஆய்வு ஒரு விடை தருகிறது. மனவடு உள்ளிட்ட நெருக்கீட்டு நோய் கண்டறியப்பட்ட 144,919 பேரை, அந்நோய் இல்லாத அவர்களின் சொந்தச் சகோதரர்களோடு ஒப்பிட்டார்கள். பரம்பரையும் வளர்ந்த வீடும் பெரும்பாலும் ஒன்றே என்பதால் இது நல்ல ஒப்பீடு. மூளைக்காய்ச்சல், குருதி நஞ்சாதல் போன்ற உயிராபத்தான தொற்றுகள் ஆண்டுக்கு ஆயிரம் பேரில் 2.9 பேருக்கு வந்தன, சகோதரர்களில் 1.7. மற்றக் காரணங்களைச் சரிசெய்தபின் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஆபத்து. தனி ஒருவருக்கு அது சிறியதுதான். ஆயிரத்தில் மூன்று பேர்கூட இல்லை. ஒரு மாவட்டமே மனவடுவோடு வாழும்போது அந்தச் சிறிய எண் பெருகும்.

இந்த ஒன்றரை மடங்கு முழுவதும் ஓமோனாலும் நரம்பாலும் வந்ததல்ல. மனம் உடைந்தவர் நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை. நித்திரை இல்லை. 2015இல் வெளியான ஓர் ஆய்வில், இரவில் ஆறு மணித்தியாலத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்கு, ஏழு மணித்தியாலத்துக்கு மேல் தூங்கியவர்களைவிடத் தடிமன் பிடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் அதிகமாக இருந்தது. நித்திரைக்காகக் கசிப்பைத் தேடுபவர்களும் உண்டு. மது நுரையீரலின் காவலை நேரடியாகவே கெடுக்கும். காசநோய் மருந்தை ஆறு மாதம் விடாமல் விழுங்க வேண்டியவர், "இருந்து என்ன காணப்போறன்" என்று இரண்டாம் மாதமே நிறுத்திவிடுகிறார். மனம் நோயைக் கூட்டும் வழிகளில் இவையே அகலமானவை, மாற்றக்கூடியவையும் இவையே.

செய்தி எதிர்த்திசையிலும் போகிறது. காய்ச்சலில் பாயைவிட்டு எழும்ப மனமில்லாமல், பசியில்லாமல், யாரோடும் பேசப் பிடிக்காமல் சுருண்டு கிடப்பது சோம்பல் அல்ல. வெண்குருதிக் கலங்கள் விடும் சைற்றோகைன் என்ற இரசாயனங்கள் மூளைக்குத் தரும் கட்டளை அது: சக்தியைச் சேமி, படு. டெங்கு வந்து தெளிந்த பின்னும் கிழமைக்கணக்கில் மனம் சோர்ந்திருப்பவர்கள் பலர். அவர்களை "மனத்தைரியம் இல்லை" என்று கடிவது அநியாயம்.

மனத்தின் பங்கை மிகைப்படுத்துபவர்களுக்கு வன்னியே பதில் வைத்திருக்கிறது. மலேரியா இந்தப் பகுதியின் பழைய சாபம். 1999இல் நாடு முழுவதும் 264,549 பேருக்கு மலேரியா உறுதியானது. பின்னர் வீடுவீடாக நுளம்பு மருந்து அடித்தார்கள், மருந்திட்ட நுளம்பு வலை கொடுத்தார்கள், காய்ச்சல்காரரின் குருதியைத் தேடித்தேடிச் சோதித்து மருந்து கொடுத்தார்கள். உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி காணப்பட்டது 2012 ஒக்டோபரில். 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. வன்னி மக்களின் மனம் மிக மோசமாகக் காயப்பட்டிருந்த அதே ஆண்டுகளில்தான் மலேரியா வன்னியை விட்டுப் போனது. நுளம்பையும் ஒட்டுண்ணியையும் ஒழித்ததால் போனது. விசர்நாய்க்கடிக்கும் தடுப்பூசி போடாத பிள்ளையின் சின்னமுத்துக்கும் இதே நியாயம்தான்: எவ்வளவு மனத்திடமும் அங்கே காவல் நிற்காது. மன உறுதியால் தொற்றை வெல்லலாம் என்று சொல்லி மருந்தை நிறுத்தச் சொல்பவர் ஆபத்தான மனிதர். அதைவிடக் கொடுமை, நோயில் விழுந்தவரைப் பார்த்து மனத்தைச் சரியாக வைத்திருந்தால் வந்திராது என்பது.

மனச்சுமையை இறக்கினால் காவல் மீளுமா? ஓரளவு மீளும். 2020இல் 56 பரிசோதனைகளை ஒன்றுசேர்த்த ஆய்வில், உளச்சிகிச்சை பெற்றவர்களின் நிர்ப்பீடனத்தின் நற்செயல் சராசரி 14.7 வீதம் மேம்பட்டும், தீங்கான செயல் 18 வீதம் குறைந்தும் இருந்தது. கோஹனின் 1997 ஆய்வு இன்னும் எளிய ஒன்றைச் சொல்கிறது: பெற்றோர், துணை, நண்பர், அயலவர், கோயில், வேலைத்தலம் என்று ஆறு வகையோ அதற்கு மேலோ உறவுள்ளவர்களைவிட, மூன்று வகைக்கு மேல் இல்லாதவர்களுக்குத் தடிமன் பிடிக்கும் ஆபத்து நான்கு மடங்கு. ஊரை ஊராக மீளக் குடியமர்த்துவது, அயலவரை அயலவராகவே வைத்திருப்பது, சுகாதார வேலையும்தான்.

மெனிக் பாமில் கொப்பளிப்பான் கண்டவர்களுக்கு இறுதியாக ஒரு செய்தி உண்டு. கொப்புளம் உதிர்ந்து, வேப்பிலைத் தண்ணீரில் முழுகிய பின்னும் அந்த வைரசு உடலை விட்டுப் போவதில்லை. முள்ளந்தண்டருகே நரம்புக் கணுக்களில் பல்லாண்டு உறங்குகிறது. அதை உறங்க வைத்திருப்பவை ரீ-கலங்கள். முதுமையிலும் நோயிலும் அவை தளரும்போது, வைரசு ஒரு நரம்பின் வழியே அக்கியாக மேலே வருகிறது. 2007இல் அமெரிக்காவில் 112 முதியவர்களைக் கொண்டு நடந்த பரிசோதனையில், தாய்ச்சி என்ற மெதுவான சீன உடற்பயிற்சியை நான்கு மாதம் செய்தவர்களிடம் இந்த வைரசுக்கு எதிரான ரீ-கலத் திறன் ஏறியிருந்தது. 2009இல் முகாமில் நோய் கண்ட முப்பது வயதினர் ஐம்பதைத் தொடும் காலம் நெருங்குகிறது. உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் எரிவோடு கொப்புளம் வரிசையாகப் போட்டால், அக்கிக்குக் காவி எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். வைரசு எதிர்ப்பு மருந்து முதல் மூன்று நாளுக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன் தரும்; அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.